நாங்கள் வாய் கொப்பளித்த தண்ணீர்

எட்டாம் மாதத்தில் குமட்டல் திரும்பி வந்தபோது நான் பயப்படவில்லை. முதல் மூன்று மாதம் வாட்டி எடுத்த வாந்தி போகிற போக்கில் இன்னொரு தடவை எட்டிப் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன். சோறு வேகும் வாசனையே ஆகவில்லை. தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிப்பது என் வேலை. ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் தோள் கழன்று விழுவதுபோல் அசதி வந்தது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் கண்ணைச் சரியாகப் பார்த்தவர் பக்கத்து வீட்டு சரசு அக்காதான். மார்கழி மாத வெயில் இதமாக இருந்த ஒரு காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன் மாடியிலிருந்து ஏதோ கேட்டார், நான் திரும்பினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"மஞ்சளா இருக்கு ஹேமா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

என் கணவர் செல்வத்துக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் மெக்கானிக் கடை. போன் போட்டதும் கிரீஸ் கையோடு வந்துவிட்டார். அவருடைய அம்மா உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். செய்தி கேட்டதும் கீழாநெல்லி பறித்துக்கொண்டு மறுநாள் வருவதாகவும், அதுவரை மோர் மட்டும் கொடுக்கும்படியும் போனில் சொன்னார். எங்கள் இருவர் குடும்பத்திலும் காமாலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். ஆனால் சரசு அக்கா வாசலிலேயே நின்றார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பச்சிலையை நம்பி ஒரு நாள்கூடக் கடத்தக்கூடாது என்று ஒரே பிடியாகச் சொல்லி, என் பையில் துணியை அவரே மடித்து வைத்தார். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் வெளிநோயாளிகள் உட்காரும் நீளமான பெஞ்சு. என்னைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட பெண்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை என்று ஆளுக்கொரு கதை. என் முறை வந்தபோது டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலிச் சத்தத்தில்தான் எனக்கு முதல் பயம் வந்தது.

ரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் என்பது உடம்பில் பழைய ரத்த அணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள். கல்லீரல் நன்றாக இருந்தால் அதை வெளியேற்றிவிடும், இல்லையென்றால் அது தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரியும். எனக்கு அது ஏறியிருந்தது. அதைவிட டாக்டர் அதிகம் கவலைப்பட்டது ஐஎன்ஆர் என்ற இன்னொரு சோதனையைப் பார்த்து. ரத்தம் உறைவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அது சொல்லும், எண் கூடினால் ஆபத்து. ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்வது கல்லீரல்தான். அது தளர்ந்தால் ரத்தம் உறையாது. பிரசவ நேரத்தில் ரத்தம் உறையவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிருமி எது என்பதும் தெரிந்தது. ஹெபடைட்டிஸ் ஈ. காமாலைக் கிருமிகளில் இது தண்ணீர் வழியாகப் பரவுவது. மற்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் சில வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். சிலருக்கு வந்ததே தெரியாது. கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மாதங்களில் வந்தால், கல்லீரலையே படுக்க வைத்துவிடும். இதற்கென்று தனி மருந்து இல்லை, கல்லீரல் தானாக எழுந்து நிற்கும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம் என்றார் டாக்டர். பிறகு எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "நாங்க கேன் தண்ணிதான் குடிக்கிறோம் மேடம். போர் தண்ணி குடிக்கிறதே இல்ல."

"பல் விளக்கி வாய் கொப்பளிக்கிறது எந்தத் தண்ணிம்மா?"

அவர் குரலை உயர்த்தாமல் அடுத்தடுத்துக் கேட்டார். கொத்தமல்லியை எதில் அலசுகிறாய்? தட்டு கழுவுவது எதில்? சட்னிக்கு மிக்சி கழுவி ஊற்றுவது? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். போர் தண்ணீர்.

எங்கள் வீடு ஆனையூரைத் தாண்டிப் புதிதாக வந்த ஒரு நகரில் இருக்கிறது. மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகிற வழியாக இருந்த பள்ளத்தை மேடாக்கி மனை போட்டிருந்தார்கள். நாங்கள் குடிவந்தபோது அங்கங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள். பிறகு தார் ரோடு வந்தது, தெருவிளக்கு வந்தது, வேன் வைத்த பள்ளிக்கூடம் வந்தது. ஏரியா டெவலப் ஆகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பாதாளச் சாக்கடை மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மண்ணுக்குள் சிமெண்ட் உறை இறக்கிக் கழிவுக்குழி வைத்துக்கொண்டோம். அடியில் தளம் போடாத குழி. தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும், லாரி கூப்பிட்டு எடுக்க வேண்டியதில்லை என்பதால் எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள். சின்ன மனை என்பதால் அதே இடத்துக்குள் போரும் போட்டோம். மழை குறைந்த வருடங்களில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. போக வழியில்லாத தண்ணீர் தெருவில் நின்றது. குழிகள் நிரம்பி மேலே வந்தன. தண்ணீர் வடிந்ததும் தெருவைக் கழுவிவிட்டு, வேலைக்குப் போனோம். இந்தக் கிருமி உடம்புக்குள் புகுந்து வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்குமாம். மழையை நான் மறந்துவிட்ட பிறகுதான் அது என் கண்ணில் வந்து தெரிந்தது.

என்னைத் தனிக் கவனிப்பு வார்டில் சேர்த்தார்கள். காலையில் ரத்தம், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை, வயிற்றில் கருவி வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பு. அந்தத் துடிப்பு குதிரை ஓடுவதுபோல் கேட்கும். கேட்டு முடித்தபின் கொஞ்ச நேரத்துக்கு எதற்கும் பயம் இருக்காது. குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் மூச்சுவிடத் திணறக்கூடாது என்று அதன் நுரையீரலுக்காக எனக்கு ஊசி போட்டார்கள். தினமும் நன்றாக வயிறு போக ஒரு தித்திப்பு மருந்து. கல்லீரல் பிரித்தெடுக்க முடியாத கழிவு குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி மூளையை மந்தமாக்கிவிடும், அதைத் தடுக்கத்தான். மூளை மந்தமாகிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு. கையை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் பிடிக்க வேண்டும். கை பறவைச் சிறகுபோல் படபடத்தால் ஆபத்து. பிறகு பெயர் என்ன, ஊர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்பார்கள். கிழமை எனக்குப் பாதி நேரம் தெரியாது. பார்வை நேரத்துக்கு வரும் என் கணவர் உள்ளே நுழைந்ததும் முதலில் கிழமையைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சைத் தொடங்குவார்.

என் மாமியார் வந்து சேர்ந்தார். முந்தானையில் முடிந்திருந்த கீழாநெல்லியை வார்டு வாசலிலேயே நர்ஸ் வேண்டாம் என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அதைக் குப்பையில் போட மனமில்லாமல், வெளியே மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். சரசு அக்கா தினமும் பஸ் பிடித்து, இரண்டு தடவை கொதிக்க வைத்த தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். நான் இரண்டு வாய் குடித்துவிட்டு வேண்டாம் என்பேன். அவர் தூக்குச்சட்டியை மூடிவைத்து, தெருக்கதை ஏதாவது சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறப்பார். அப்படியே முழுவதும் குடிக்க வைத்துவிடுவார்.

என் அம்மாவைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். தெற்கு மாசி வீதிப் பக்கம் அண்ணன் வீட்டில் அம்மா இருந்தார். வேறு சாதியில், என் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று அம்மா எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஏழாம் மாத வளைகாப்புக்கு யாரோ உறவினர் கையில் வளையல் கொடுத்தனுப்பினார், அம்மா வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று என் கணவரிடம் சொல்லியிருந்தேன். சொல்லியும் அம்மா வராவிட்டால் என்னால் தாங்க முடியாது என்பதுதான் காரணம்.

என் கணவர் எனக்குத் தெரியாமல் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வாசலில் அதுவரை நின்றதே இல்லை அவர். அண்ணி கதவைத் திறந்து யார் என்று கேட்க, அவர் உள்ளே பார்த்து, "அத்தை, ஹேமாவுக்கு ரொம்ப முடியல. நீங்க வந்தா அவளுக்குத் தெம்பா இருக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.

அன்று மதியம் நான் நல்ல நிலையில் இல்லை. இமை ஈயம்போல் கனத்தது. யாரோ கூப்பிடுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. என் கணவர் வார்டுக்குள் நுழைந்த நேரத்தில் நர்ஸ் வழக்கம்போல் பெயரையும் ஊரையும் கேட்டிருக்கிறார். நான் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. அவர் பதறி டாக்டரைக் கூட்டிவந்தார். மூளைக்கு ஏறிவிட்டது என்று அவர்கள் முடிவுக்கு வர இருந்தார்கள். தீவிரச் சிகிச்சைக்கு மாற்றக் கட்டிலின் சக்கரத்தைக்கூட விடுவித்துவிட்டார்களாம். என் கணவர் கட்டிலுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். கல்யாணமானதிலிருந்து அவரோடு நான் தமிழில்தான் பேசிவந்தேன், அன்று பேசியது அவருக்கும் புரியவில்லை.

அப்போது அவருக்குப் பின்னாலிருந்து அம்மா முன்னால் வந்தார்.

"அவ உளறல டாக்டர். எங்க வீட்டுப் பாஷை, சௌராஷ்டிரத்துல பேசுறா. நான் வந்தது தெரிஞ்சிருச்சு. சாப்டியா, இம்புட்டுத் தூரம் எப்பிடி வந்தேன்னு கேக்குறா."

டாக்டர் அம்மாவை என் தலைமாட்டில் நிறுத்தினார். அவர் தமிழில் கேட்டார், அம்மா எங்கள் மொழியில் கேட்டார், நான் எங்கள் மொழியில் பதில் சொன்னேன், அம்மா தமிழில் திருப்பிச் சொன்னார். பெயர் சரி. கணவர் பெயர் சரி. கிழமைகூடச் சரியாம். கையை நீட்டச் சொன்னதும் நீட்டினேன். லேசாக நடுங்கியது, படபடக்கவில்லை. அசதி உண்டு, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று சொல்லி டாக்டர் சக்கரத்தைப் பூட்டச் சொன்னார். அதன்பிறகு அம்மாவை வார்டில் கூடவே இருக்க விட்டார்கள்.

இரண்டு அம்மாக்களும் ஒரே வராந்தாவில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே போவார். இது எத்தனை நாள் நீடித்ததோ தெரியவில்லை. ஒரு காலை கண் விழித்தபோது வாசல் பக்கம் என் மாமியாரின் குரல் கேட்டது. "சம்மந்தி, நீங்க போயி ஒரு வாய் சாப்ட்டு வாங்க. நான் பிள்ளையப் பாத்துக்கிறேன்." அம்மா என்ன பதில் சொன்னார் என்று என் காதில் விழவில்லை. ஆனால் திரும்பி வரும்போது இரண்டு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். நான் அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். காமாலைக் கண்ணிலிருந்து வரும் நீரும் மற்ற கண்ணீர் மாதிரிதான் இருக்கிறது.

குழந்தை காத்திருக்கவில்லை. ஐஎன்ஆர் இறங்கத் தொடங்கும் முன்பே ஒரு விடிகாலையில் வலி வந்துவிட்டது. ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தில் அணுக்களைப் பிரித்த பிறகு மிஞ்சும் மஞ்சள் நீர், பை பையாக என் கையில் ஏறியது. என் கணவருடைய கடையில் வண்டி ரிப்பேருக்கு விடும் ஆட்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் ரத்த வங்கிக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவர்களில் பலரின் முகம்கூட எனக்குத் தெரியாது. பிரசவம் சுகமாகத்தான் நடந்தது, ஆனால் ரத்தம் நிற்க நேரமாயிற்று. டாக்டரின் நெற்றியில் வியர்வையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு கட்டத்தில் அவர் நிமிர்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். "நின்னுருச்சும்மா" என்றார். எது நின்றது என்று புரியாமல் நான் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். "அது பூனைக்குட்டி மாதிரி கத்திக்கிட்டு இருக்கு, கேக்கலயா?"

பெண் குழந்தை. உள்ளங்கைக்குள் அடங்கும் முதுகு. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தாள். அவளுக்கும் மஞ்சள் இருந்தது, நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். என்னால் நடக்க முடியாத நாள்களில் என் கணவர் அவளைப் பார்த்துவிட்டு வந்து, இன்று கொட்டாவி விட்டாள், இன்று கால் கட்டைவிரலை மடக்கினாள் என்று எனக்குச் சேதி சொல்வார். என் பிலிருபின் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் ஐஎன்ஆர் இறங்கத் தொடங்கிய அன்று டாக்டர் என் கட்டில் சட்டத்தைத் தட்டிவிட்டு, கல்லீரல் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்றார். அந்த வாரத்திலேயே குழந்தையைத் தோலோடு தோலாக என் மார்பில் போட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சுகாதாரத் துறையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். வீடு வீடாக விசாரித்ததில் எங்கள் வரிசையில் பலருக்கும் காமாலை வந்து போயிருந்தது தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதோ காய்ச்சல் என்று விட்டிருந்தார்கள். போர்த் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் மலக்கழிவு கலந்திருந்தது. எங்கள் வீட்டில்தான் அதிகம். எங்கள் போர் சுவரோரமாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சரசு அக்கா வீட்டுக் குழி.

நாங்கள் குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. சரசு அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாடியில் என்னைக் கண்டதும் பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். தினமும் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை என்றதும் எனக்குக் காரணம் புரிந்தது. என் கணவர், கொஞ்ச நாள் போகட்டும், தானாக வருவார் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் அடுப்படியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார். கிட்டே வரவில்லை.

"எங்க வீட்டுக் குழிதான் ஹேமா. தண்ணி சோதிக்க வந்த ஆளு சொல்லிட்டுப் போயிட்டாரு. இந்தப் பிள்ளைய நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுத் தூக்குறது?"

கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே எங்கள் வீட்டுப் பின்பக்கமும், அதையடுத்த வாத்தியார் வீட்டின் பின்பக்கமும் தெரிந்தன. எல்லா வீட்டிலும் ஒரு குழி மூடி, பக்கத்தில் ஒரு போர்க் குழாய்.

"எங்க குழி அந்தா, வாத்தியார் வீட்டு போருக்குப் பக்கத்துல இருக்குக்கா" என்றேன். "அவங்க பையனுக்கும் காமால வந்துச்சு. அத யாரு குழின்னு சொல்றது? கண்ணு மஞ்சளா இருக்குன்னு நீங்க பாக்கலன்னா நானும் இல்ல, இவளும் இல்ல."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன், பிரசவ உடம்பு நிற்க விடவில்லை.

தெருக்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பாதாளச் சாக்கடை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், அது எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை குழிகளுக்கெல்லாம் அடியில் தளம் போட்டுப் பூசி, நிரம்பினால் கழிவு எடுக்கும் லாரியைக் கூப்பிடுவது. போர்த் தண்ணீர் தரையைக் கழுவ மட்டும். சமையலுக்கும் வாய் கொப்பளிக்கவும் குடிநீர் லாரியில் வாங்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொள்கிறோம். மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகும் வழியில் மனைச் சுவர் எழுப்பியிருப்பவரோடு இன்னும் பேச்சு நடக்கிறது, முடியவில்லை. முதலில் பூசப்பட்டது சரசு அக்கா வீட்டுக் குழிதான். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட முறை அது. இரண்டாவது எங்களுடையது.

அன்று அடுப்படியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டபின், கொதித்து ஆறிய தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கைவரை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குள் போகும்முன் எங்களைக் கழுவச் சொன்ன மாதிரியே. ஈரக்கையைத் துடைக்காமல் காற்றில் ஆட்டிக் காயவைத்தார். அப்புறம் எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கொடு" என்றார்.

கொடுத்தேன்.